கைக்கேற்ற மேளக்குச்சி



தோட்டத்தில் மேளச் சத்தம் கேட்காத திருவிழா உண்டா? மாரியம்மன் கோயில் தீமிதி என்றாலும், தைப்பூசக் காவடி என்றாலும், கல்யாண ஊர்வலம் என்றாலும் முன்னால் போவது மேளந்தான். வீட்டில் ஒரு பிள்ளை பானையையும் பால்டின்னையும் தட்டத் தொடங்கினால், 'மேளக்காரன் ஒருவன் பிறந்துவிட்டான்' என்று சொல்லிச் சிரிக்கிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்து, கோயில் உறுமிமேளக் குழுவிலோ பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவிலோ சேருகிறது. மேளத்தைக் கோயில் தந்துவிடும், பள்ளியும் தந்துவிடும். குச்சியை மட்டும் பெரும்பாலும் நாம்தான் வாங்கித் தர வேண்டியிருக்கும். "அப்பா, ஒரு ஜோடி குச்சி வேண்டும்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது, எதைப் பார்த்து வாங்குவது? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

'குச்சிதானே, எதுவாக இருந்தால் என்ன?' என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களை நாம் ஒன்று கேட்போம். பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் கத்தியை இன்னொருவருக்கு இரவல் கொடுப்பார்களா? மாட்டார்கள். அந்தக் கத்தியின் பிடியும் எடையும் வளைவும் அவர்கள் கைக்குப் பழகியவை. வேறு கத்தியை எடுத்தால் பட்டை ஆழமாகப் போய்விடும், மரம் காயப்படும். செம்பனைக் குலை அறுப்பவர்களும் அப்படித்தான். அரிவாள் கட்டிய கழி சற்றே வளைந்திருந்தாலும் தோளுக்குத் தெரிந்துவிடும். கருவி கைக்குப் பொருந்த வேண்டும் என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே அறிவைப் பிள்ளையின் மேளக்குச்சியிலும் நாம் காட்ட வேண்டும்.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறோம். சைடு டிரம் வாசிக்க அவனுக்கு மிகுந்த ஆசை. ஆனால் வலக்கையடி ஒழுங்காக விழும். இடக்கையடி எப்போதும் சற்றுப் பிந்தும். "இவனுக்குத் தாளம் நிற்காது ஐயா, வேறு ஏதாவது பழக்குங்கள்" என்று வீட்டார் வந்து சொன்னார்கள். அவன் கொண்டுவந்த குச்சிகளை வாங்கி, அறிவியல் பாடத்துக்கு வைத்திருந்த தராசில் இரண்டு தட்டிலும் ஒவ்வொன்றாக வைத்தோம். இடக்கைக் குச்சியின் தட்டு 'டக்'கென்று கீழே இறங்கியது. இரண்டும் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவை. யாரிடமிருந்தோ ஒவ்வொன்றாகக் கிடைத்தவை. எடை ஒத்த வேறு ஒரு ஜோடியை அவனுக்குக் கொடுத்தோம். அன்றைக்கே அவன் வித்துவான் ஆகிவிடவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் அவன் இடக்கை வலக்கையோடு சேர்ந்து நடந்தது. குற்றம் குச்சியில் இருக்க, பிள்ளையின் கையைப் பழித்துவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி, எந்த மேளத்துக்கு எந்தக் குச்சி என்பதைப் பார்ப்போம். ஒரு மேளத்தின் குச்சி இன்னொரு மேளத்துக்கு ஆகாது.

முதலில் தப்பு. பறை என்றும் இதைச் சொல்கிறோம். இதற்கு இரண்டு குச்சிகள். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று அடிக்குச்சி. ஒரு சாணுக்கு உட்பட்ட நீளமும் நல்ல தடிமனும் உடையது. பழக்கமான கையில் பிடித்துத் தோலின் நடுவில் அடிப்பது இது. மற்றொன்று சிண்டுக்குச்சி. மூங்கிலைச் சீவி, மெல்லியதாக, தட்டையாக, ஒரு சாணுக்கு மேற்பட்ட நீளத்தில் செய்வது. மேளத்தைத் தாங்கியிருக்கும் கையிலேயே இதையும் பிடித்து ஓரத்தில் தட்டுவார்கள். அடிக்குச்சியில் கனம் வேண்டும். சிண்டுக்குச்சியில் துள்ளல் வேண்டும். கனமான கட்டையைச் சிண்டுக்குச்சியாக வைத்துக்கொண்டால், ஓரத்தில் விழும் அந்தச் 'சடசட' ஓசை வராது.

அடுத்தது உறுமி. இதற்கும் இரண்டு குச்சிகள். ஒரு முகத்தைத் தேய்த்து உறுமச் செய்யும் குச்சி வளைந்திருக்கும். மறுமுகத்தைத் தட்டும் குச்சி மெல்லியதாக இருக்கும். தேய்க்கும் குச்சியில் நாம் பார்க்க வேண்டியது வழவழப்பு. அதில் ஒரு சிறு செதில் எழுந்திருந்தாலும் தோலைக் கீறிவிடும். விரலை அதன்மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு உறுத்துவது தோலுக்கும் உறுத்தும்.

மூன்றாவது தவில். பலாமரத்தில் குடைந்த இந்த மேளத்துக்கு ஒரே ஒரு குச்சிதான். வலக்கைக்காரர்கள் வலப்பக்கத்தை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள்; இடப்பக்கத்தை இடக்கைக் குச்சியால் அடிப்பார்கள். அந்தக் குச்சி குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். பூவரச மரத்தில் செய்வது வழக்கம். தவில் பழகும் பிள்ளைக்கு, கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் பார்த்துத் தரும் குச்சியே சிறந்தது.

இங்கே ஒரு வார்த்தை. தவில் குச்சி என்றால் வித்துவானைக் கேட்கிறோம். தப்புக் குச்சி என்றால் 'அடுப்புக்கு வைத்திருக்கும் விறகில் ஒன்றை எடுத்துக்கொள்' என்கிறோம். ஏன் இந்த வேறுபாடு? ஒரு காலத்தில் தப்புக் கருவியையும் அதை வாசித்தவர்களையும் தாழ்வாகப் பார்த்த பழக்கத்தின் மிச்சம்தான் இது. மேளத்தை மதிக்காதவர்கள் அதன் குச்சியை எப்படி மதிப்பார்கள்? எந்த மேளத்தை வாசித்தாலும் பிள்ளை பிள்ளைதான். அதன் கைக்கு வேண்டிய கவனமும் ஒன்றுதான்.

இப்போது பள்ளிப் பேண்டு வாத்தியத்துக்கு வருவோம். பட்டணத்து வாத்தியக் கடையில் குச்சி கேட்டால், '5ஏ வேண்டுமா, 5பி வேண்டுமா, 7ஏ வேண்டுமா?' என்று கடைக்காரர் கேட்பார். இதைக் கேட்டு மிரள வேண்டாம். இந்த எழுத்துகள் அமெரிக்காவில் பழைய காலத்தில் வைத்தவை. 'ஏ' என்பது அரங்கில் அமர்ந்து வாசிக்கும் இசைக்குழுவுக்கு; 'பி' என்பது பேண்டுக்கு; 'எஸ்' என்பது தெரு ஊர்வலத்துக்கு. எண் பெரிதாகப் பெரிதாகக் குச்சி பெரும்பாலும் மெல்லியதாகும். 7ஏ குச்சி ஏறத்தாழ 15½ அங்குல நீளமும், 14 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனும் கொண்டது. 5ஏ ஏறத்தாழ 16 அங்குல நீளம், 14½ மில்லிமீட்டர் தடிமன். 5பி அதைவிடச் சற்றுப் பருமன். 2பி ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். செய்யும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு சிறிது மாறும். ஆகையால் எண்ணைக் கேட்டு வாங்கினாலும், கையில் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்து, மரம். கடையில் கிடைக்கும் குச்சிகள் பெரும்பாலும் மூன்று வகை மரங்களில் செய்தவை. ஒன்று ஹிக்கரி. வட அமெரிக்காவில் வளரும் மரம். கோடரிக்கும் சுத்தியலுக்கும் அங்கே இதில்தான் பிடி போடுவார்கள். அடியின் அதிர்ச்சியை இது தாங்கிக்கொள்வதால் கை அதிகம் அதிராது. இரண்டாவது மேப்பிள். இது ஹிக்கரியைவிட இலேசானது. சிறிய கைக்கு நல்லது. ஆனால் முரட்டடிக்கு விரைவில் தேய்ந்துவிடும். மூன்றாவது ஓக். கனமானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அடியின் அதிர்ச்சியைக் கைக்கு அதிகம் அனுப்பும். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கு இலேசான குச்சியில் தொடங்குவதே முறை.

சரி, கடைக்குப் போய்விட்டோம். எதைப் பார்ப்பது? ஐந்து சோதனைகள் போதும். ஐந்துக்கும் காசு வேண்டாம்; கண்ணும் காதும் கையும் போதும்.

முதல் சோதனை, உருட்டிப் பார்ப்பது. கடையின் கண்ணாடி மேசைமீது குச்சியை வைத்து உருட்டுங்கள். நேரான குச்சி அமைதியாக உருண்டு போகும். வளைந்த குச்சி நொண்டி நொண்டிப் போகும். அதற்கும் மேசைக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது சோதனை, இழை பார்ப்பது. மரத்தின் கோடுகள் குச்சியின் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓட வேண்டும். பாதி வழியில் கோடு சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், குச்சி ஒரு நாள் அந்த இடத்தில்தான் ஒடியும். கணு இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, எடை. இரண்டு கையிலும் ஒவ்வொரு குச்சியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பாருங்கள். பிறகு கை மாற்றிப் பாருங்கள். தராசு இருந்தால் இன்னும் நல்லது.

நான்காவது, ஓசை. குச்சியின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கெட்டியான பலகையில் தட்டுங்கள். பிறகு மற்றக் குச்சியை அதே இடத்தில் தட்டுங்கள். இரண்டு ஓசையும் ஒத்திருந்தால் ஜோடி பொருந்தியிருக்கிறது. ஒன்று 'டிங்' என்றும் மற்றொன்று 'டொக்' என்றும் ஒலித்தால் பொருந்தவில்லை. ஓசையே எழாமல் சப்பென்று இருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

இந்த ஜோடிப் பொருத்தத்தைப் பெரிய வாத்தியக்காரர்களும் பெரிதாகவே எண்ணினார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் பெருமுரசு வாசித்தவர் விக் ஃபர்த் என்பவர். அந்நாளில் கடையில் கிடைத்த குச்சிகள் அவருக்கு மனநிறைவு தரவில்லை. 1963-ஆம் ஆண்டு வாக்கில், தடித்த குச்சிகளைத் தம் கையாலேயே சீவி மாதிரி செய்து, கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருந்த கடைசல்காரர் ஒருவருக்கு அனுப்பினார். பின்னர் அவர் தொடங்கிய நிறுவனம், எடையையும் ஓசையையும் ஒத்துப் பார்த்துக் குச்சிகளை ஜோடி சேர்த்தது. தேர்ந்த வாத்தியக்காரருக்கே பொருத்தமான ஜோடி தேவைப்படும்போது, இன்றுதான் பழகத் தொடங்கிய நம் பிள்ளைக்கு அது தேவையில்லையா?

ஐந்தாவது, நுனி. இரண்டு குச்சியின் நுனியும் ஒரே உருவத்தில் இருக்க வேண்டும். உடைசலோ பிசிறோ கூடாது. நுனியில் நைலான் மாட்டிய குச்சிகளும் உண்டு. அவை சிம்பலில் கூர்மையாக ஒலிக்கும், நுனி பிசிறாது. ஆனால் அந்த நைலான் கழன்று போகாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

'கடைக்குப் போக வசதியில்லை, நாமே செய்துகொள்ளலாமா?' என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். தப்புக்கும் உறுமிக்கும் தாராளமாகச் செய்யலாம். பூவரசு கிடைத்தால் நல்லது. கொய்யாக் கிளையும் உறுதியானதுதான். பையன்கள் லாஸ்டிக் செய்யக் கொய்யாக் கவட்டையைத் தேடிப் போவது சும்மா இல்லை! சிண்டுக்குச்சிக்கு முற்றிய மூங்கில் வேண்டும். இளமூங்கில் காய்ந்ததும் சுருங்கிவிடும்.

கட்டையை அறுப்பதைவிடப் பிளப்பது நல்லது. பிளக்கும்போது இழை தானாகவே நேராகப் பிரியும். நடுச்சோற்றுப் பகுதியை விலக்கிவிடுங்கள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டிய பச்சைக் கட்டையை வெயிலில் போடாதீர்கள். இரண்டு முனையிலும் மெழுகோ சாயமோ பூசி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில வாரங்கள் உலர விடுங்கள். பொறுமையில்லாமல் அடுப்புக்கு மேலே வைத்தால் வெடித்துவிடும். நன்கு உலர்ந்தபின் சீவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

பால்மரக் கிளையை வெட்டிக் குச்சி செய்வதுண்டு. அது உடனே கைக்குக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், பூச்சியும் துளைக்கும். மருந்து செலுத்திச் சூளையில் உலர்த்திய பிறகுதான் அந்தக் கட்டை மேசை நாற்காலியாகிறது. வீட்டில் செய்யும் குச்சிக்கு அதை நம்பாதீர்கள்.

அடுத்து, பிள்ளையின் கையைப் பார்ப்போம். பெரியவர்கள் ஊர்வலத்தில் வாசிக்கும் தடித்த குச்சி, திறந்தவெளியில் ஓசை தூரம் போக வேண்டும் என்பதற்காகச் செய்தது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பிடித்தால் என்ன ஆகும்? குச்சி நழுவும். நழுவாமல் இருக்கப் பிள்ளை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும், விரலில் கொப்புளம் எழும், தாளம் தடுமாறும். பிறகு நாம் 'இதற்குத் தாளம் வராது' என்று சொல்லிவிடுவோம். ஒரு பிள்ளையின் ஆசை அவிந்து போவதற்கு இவ்வளவு சிறிய காரணம் போதும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. குச்சியைத் தளர்வாகப் பிடித்து மேளத்தின்மேல் விழவிடச் சொல்லுங்கள். பொருந்திய குச்சி தானாகவே பல முறை துள்ளும். பிடியைச் சிறிது முன்னும் பின்னும் மாற்றினால், எங்கே பிடித்தால் அதிகம் துள்ளுகிறது என்று பிள்ளைக்கே தெரியும். பெரும்பாலும் அது அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். துள்ள வைக்கவே பிள்ளை பாடுபட வேண்டியிருந்தால், குச்சி அந்தக் கைக்குப் பெரிது. பெண் பிள்ளைகளும் இன்று மேளக் குழுக்களில் ஆர்வத்தோடு சேருகிறார்கள். 'உன் கைக்கு இது ஆகாது' என்று அவர்களைத் திருப்பி அனுப்பாமல், அவர்கள் கைக்கு ஆகும் குச்சியைத் தேடிக் கொடுங்கள்.

வீட்டில் பழகுவதற்கு மேளமே வேண்டும் என்பதில்லை. ஒரு பலகையின்மேல் பழைய டயர் டியூபை வெட்டி இழுத்து ஆணியடித்தால் போதும். குச்சி அதன்மேல் நன்றாகத் துள்ளும், சத்தமும் அடங்கியிருக்கும். காலையில் வேலைக்குப் போய்வந்து கண்ணயர்ந்திருக்கும் அண்டை வீட்டாரும் நம்மைத் திட்டமாட்டார்கள்.

வாங்கிய குச்சியைப் பாதுகாப்பதும் ஒரு கலைதான். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் குடித்த மரம் வளையும். சுவரில் சாய்த்து வைக்காமல், ஒரு துணிப்பையில் போட்டுப் படுக்க வையுங்கள். மழையில் நனைந்தால் உடனே துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஜோடியில் இரண்டின் அடியிலும் ஒரே அடையாளம் போட்டுவிடுங்கள்; குழுவில் பத்துப் பேர் குச்சியும் கலந்துவிட்டாலும் ஜோடி பிரியாது.

பிசிறிய குச்சியை ஒருபோதும் தொடர்ந்து வாசிக்க விடாதீர்கள். அது தோலைக் கிழித்துவிடும். ஒரு தோலை மாற்றும் செலவு ஒரு ஜோடி குச்சியின் விலையைப்போல் சில மடங்கு இருக்கும். அதோடு, விரிசல் விட்ட குச்சி அடிக்கும்போதே ஒடிந்து சிதறினால், சிம்பு பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணில் படலாம். நாடா சுற்றி இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைப்பது சிக்கனம் ஆகாது. நாடா சுற்றினால் எடை மாறும். விரிசல் மறையுமே தவிர ஒட்டாது.

நேயர்களே, குச்சி வாங்கச் சில வெள்ளிதான் செலவாகும். நாம் கேட்பது அந்தச் செலவோடு கொஞ்சம் கவனத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான். உருட்டிப் பாருங்கள், இழை பாருங்கள், எடை பாருங்கள், ஓசை கேளுங்கள், நுனி பாருங்கள். கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். வாசிக்கப் போவது அதன் கை. தேர்ந்தெடுப்பதும் அந்தக் கையாகவே இருக்கட்டும். இந்த ஐந்தையும் ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும்.

இன்று மாலை, உங்கள் வீட்டில் மேளம் பழகும் பிள்ளை இருந்தால், அதன் குச்சிகளை வாங்கி மேசைமேல் ஒருமுறை உருட்டிப் பாருங்கள். மேசை இல்லையென்றால் சிமெண்டுத் தரை போதும்.